கடைசியாக நான் பார்த்தபோது

“யம்மா, உங்க கோழி கிணத்துல விழுந்துட்டு” என்று பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாள் சாளை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நீ பாத்தியா?”

“நான் பாக்கல. எம் மவன் சொன்னான்.”

“அவன் பாத்தானா?”

“அவனுக்குச் சத்தம் கேட்டுதாம்.”

“அப்போ கிணத்துல என்னமோ விழுந்திருக்கு” என்று சொல்லி, கையிலிருந்த மீனை முடித்து, கை கழுவி, அப்புறம்தான் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். அதற்குள் நான் கயிறு, கொக்கி, பக்கத்துத் தெரு ஆள் ஒருவன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு கிணற்றடியில் நின்று, கோழியின் நற்குணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தேன். உள்ளே மிதந்தது என் வாளி. கோழி என் அறையில், என் தலையணை மேல் உட்கார்ந்திருந்தது.

இதுதான் அவர். “நீ பாத்தியா?” என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் ஒரு பெரிய தெருவையே வாயடைக்க வைத்தவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிறர் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். அந்த மாதிரிச் சரக்கை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரே ஒரு தடவை கோர்ட்டில் அவர் வாயாலேயே சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பயத்தில் எனக்குக் காது அடைத்திருந்தது.

யுத்த காலத்தில் நான் பனங்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, தோணிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீட்டின் ஓரத்து அறையில் குடியிருந்தேன். அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, கனத்த குரல், கழுத்தில் தாலி. தாலியைப் பற்றித் தெருவில் ஒரு முணுமுணுப்பு உண்டு. அவர் கணவர் ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது தலைவர். கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பல வருஷம் ஆகிவிட்டது. மாதா கோயில் பங்குச் சாமியார்கூட ஒரு முறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாராம். அந்தம்மாள் தாலியைக் கழற்றவுமில்லை, வெள்ளைச் சேலை உடுத்தவுமில்லை. நான் குடிவந்த புதிதில், வீட்டுக்காரர் எங்கே என்று விவரம் தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன்.

“கடைசியா நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தாரு” என்றார்.

அது கணவருக்கென்று வைத்திருந்த தனிப் பதில் இல்லை. மணப்பாட்டில் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சி மகளைப் பற்றி விசாரித்தாலும், “கடைசியா நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தா” என்பார். இப்போது எப்படி என்று கேட்டால், “இப்ப நான் இங்கன இருக்கேன், அவ அங்கன இருக்கா. எனக்கு எப்படித் தெரியும்?” என்பார். வம்பு பேச வருகிறவர்களுக்கு அந்த வீட்டு வாசல் பாலைவனம். சாமியார் கேலியாக, “ஏசு உயிர்த்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்னாரே, அந்தத் தோமையார் வம்சம் நீ” என்று சொன்னபோது, “அவரு பாத்த பிறகு நம்புனாரே சாமி. அதுல என்ன குத்தம்?” என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். இதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

நான் நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவேன்; நம்பிய மறுநிமிஷம் நடுங்குவேன். ஜப்பான்காரன் கப்பல் வந்துவிட்டது என்று ஒரு நாள் ஊரே பேச்சாகக் கிளம்பியது. கப்பல் வந்தது, அதில் பீரங்கி இருந்தது, பீரங்கி எங்கள் தெருவைப் பார்த்து இருந்தது என்று ஒவ்வொரு வாயிலும் ஒரு சுற்றுப் பெருத்து எங்கள் வாசலுக்கு வந்தது. தெரு முழுக்க வண்டி கட்டி மேற்கே ஓடியது. நான் பெட்டியை எடுப்பதாக நினைத்துத் தலையணையை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ரோட்டில் ஓடினேன். வீட்டுக்காரம்மாள் வாசலில் நின்று, “ஏலே, நீ கப்பலைப் பாத்தியா?” என்று கத்தினார். பார்க்கிற வரைக்கும் நிற்பானா ஒருத்தன்? மறுநாள் மத்தியானம் தலையணையோடு திரும்பி வந்தேன். அவர் தட்டை எடுத்து வைத்து, “சாப்புடு. நேத்து உனக்குப் பொரிச்சது, ஆறிப்போச்சு” என்றார்.

இனி என் மப்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருஞ்சிவப்பில் மஞ்சள் கோடு போட்ட கம்பளி மப்ளர். ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. தூத்துக்குடி வெயிலில் காய்ச்சல் இல்லாமல் மப்ளர் கட்டிய ஒரே ஆள் நான்தான். கழுத்தெல்லாம் வேர்க்குரு, ஆனால் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும். அதில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்தபோது வீட்டுக்காரம்மாள் நீல நூலால் இழையோடித் தைத்துக் கொடுத்தார். “இந்த வேக்காட்டுல இது எதுக்குலே?” என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, மப்ளர் தெரியும்.

ஆடிக் காற்று அடிக்கிற ஒரு நாள், விளக்கேற்றும் நேரத்தில், துறைமுகத்துப் பக்கம் ஒரு துணிக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், திருட்டு நடந்தது. துணி அளவாகவே கிடைத்த கண்ட்ரோல் காலம். ஒரு பேல் துணிக் கட்டு என்பது புதையல் மாதிரி. தடுக்கப் போன கிட்டங்கிக் காவல்காரர் மண்டையில் கம்பியால் அடித்துவிட்டுத் திருடன் ஓடியிருக்கிறான். காவல்காரர் பிழைத்துக்கொண்டார். புழுதிக் காற்று, மங்கிய வெளிச்சம், யுத்தத்துக்காக முக்காடு போட்ட தெருவிளக்கு. அவ்வளவுக்கும் நடுவில் அவர் ஒன்றை நிச்சயமாகப் பார்த்திருந்தார்: மஞ்சள் கோடு போட்ட மப்ளர். திருடன் ஓடிய வழியில், எங்கள் தெருக்கோடியில் அது கீழே கிடந்து போலீஸ் கைக்கும் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏட்டையா என் கம்பெனிக்கு வந்து மப்ளரை நீட்டி, “இது உன்னுதா?” என்று கேட்டார். இங்கேதான் என் மூளையின் சிறப்பைச் சொல்ல வேண்டும். “ரொம்ப நன்றி ஏட்டையா, நேத்திலிருந்து தேடிட்டே இருக்கேன்” என்று சொல்லி வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். அவர் அதன் இரண்டு முனையையும் பிடித்தபடியே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயந்திரம் வேர்வை தாங்காமல் மப்ளரைக் கம்பெனி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, நான் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஆவணியில் போடப்போகிற நாடகத்தில் எனக்கு நாரதர் வேஷம். பாட்டுப் பழக வேண்டும். ஆளே இல்லாத இடமாகப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடினேன். அதைக் கேட்டவர் ஒருவருமில்லை. அது ஊருடைய அதிர்ஷ்டம், என்னுடைய துரதிருஷ்டம். ஆணியிலிருந்து மப்ளரை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

லாக்கப்பில் உட்கார்ந்து, தூக்குத்தண்டனை கொடுத்தால் சட்டையைக் கழற்றச் சொல்வார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தார். கம்பி வழியாகச் சோற்றையும் மீன் குழம்பையும் நீட்டினார்.

“நான் செய்யலம்மா” என்றேன்.

“நான் கேக்கலையே. சாப்புடு.”

அந்தச் சோற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, தட்டில் முகத்தைப் புதைத்து, அழுதுகொண்டே தின்றேன், தின்றுகொண்டே அழுதேன். முதுகுக்குப் பின்னால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எதுவும் தெரியாது. நிமிர்ந்தபோது அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தட்டை வாங்கிக்கொண்டு போனார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சப்-ஜெயிலில் அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னிலையில் என்னைப் போல உயரமும் நிறமும் உள்ள ஆட்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் என்னையும் நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். நான் மட்டும் கண்ணில் பட்ட போலீஸ்காரரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையில் கட்டோடு காவல்காரர் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். வர வர, இந்த வரிசையில் குற்றவாளி மாதிரி இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கே தெளிவாகிவிட்டது. அவர் என்னைத் தொடுவதற்கு முன்னால், வேலையைச் சுலபமாக்க நானே ஓரடி முன்னால் வந்துவிட்டேனாம். அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் என் தோளைத் தொட்டார்.

ஊரிலிருந்து சித்தப்பா வந்து ஜாமீனில் எடுத்தார். “வீட்டுக்கு வா” என்றார். எந்த முகத்தோடு போவது? தூத்துக்குடி அறைக்கே திரும்பினேன். வாசலில் மளிகைக்கடை அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“யம்மா, கொலைகாரப் பயல வீட்டுல வச்சிருக்காதிய. ஊரே பேசுது” என்றார்.

“யாரு செத்தா?” என்றார் வீட்டுக்காரம்மாள்.

“சாவல. செத்திருந்தா?”

“அவன் அடிச்சத நீரு பாத்தீரா?”

“நான் பாக்கல. எல்லாரும் சொல்லுதாங்க. இவன்கிட்ட ஒரு அரிவாள்கூட இருக்காம்.”

“இவன்கிட்ட ஒரு தலகாணி இருக்கு. அதத்தான் நான் பாத்திருக்கேன். போயி சோலியப் பாரும்.”

என் அறை பூட்டப்படவில்லை. பாய் தட்டி விரித்திருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அதாவது ஒரு சாயந்திரம் வரைக்கும். அப்புறம்தான் தெரிந்தது, சர்க்கார் தரப்பில் அவரையும் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள் என்று. திருட்டு நடந்த அன்று, காற்றில் காயப்போட்ட துணியை எடுக்க வாசலுக்கு வந்தபோது, மப்ளரை முகத்தோடு சுற்றிய ஒருத்தன் அவரை உரசிக்கொண்டு ஓடியிருக்கிறான். அதை அவர் ஏட்டையாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அடுப்படிக்கே போய்விட்டேன்.

“யம்மா, அது நான் இல்லன்னு சொல்லிருங்க.”

“மூஞ்சிய நான் பாக்கலையே.”

“அதான் நானும் சொல்லுதேன். பாக்கலன்னா நான் இல்லதானே?”

“பாக்கலன்னா பாக்கல. அவ்வளவுதான்.”

“சரி, மப்ளர் என்னுது இல்லன்னாவது சொல்லுங்க.”

“நீல நூலு தெரிஞ்சுதே தம்பி. என் தையல எனக்குத் தெரியாதா?”

“அப்போ நான் நல்லவன்னு சொல்லுங்க.”

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். “நீ பல்லு வெளக்குறத பாத்திருக்கேன். குழம்பு ஊத்துனா ரெண்டாந்தரம் கேப்ப. ஜப்பான்காரன் வாரான்னா ஓடுவ. நல்லவனா கெட்டவனான்னு நான் எதுல பாக்க?”

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தது. ஒரு சின்னப் பொய். எனக்காக ஊரில் யார் கேட்டாலும் சொல்லக்கூடிய பொய். ஊரெல்லாம் இலவசமாக என் மேல் பொய்யை இறைக்கிறது, இந்த அம்மாள் எனக்காக ஒன்றை எடுக்க மாட்டேன் என்கிறார். அன்று ராத்திரிச் சோறு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். பசி.

விசாரணை நாள் வந்தது. கூண்டில் ஏறி, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்காக ஆஜரான வக்கீல் வயதானவர், தூங்குமூஞ்சி. சித்தப்பாவுக்கு அவரைத்தான் தெரியும்.

முதலில் காவல்காரர் சாட்சி சொன்னார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். அடித்தவன் முகத்தைப் பார்த்ததாகவும், அது நான்தான் என்றும் சொன்னார். திருட்டுக்கும் அணிவகுப்புக்கும் இடையில் என்னை எங்கேயாவது பார்த்தாரா என்று நீதிபதி கேட்டார். அணிவகுப்புக்கு முன்னால் பார்க்கவில்லை என்றார்.

அடுத்து மளிகைக்கடை அண்ணாச்சி. என் பெயரைச் சொன்னவுடனேயே, “ஊரே சொல்லுது ஐயா” என்று ஆரம்பித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“ஊர் இங்கே வரவில்லை. உமக்கு யார் சொன்னது?”

“முடிவெட்டுறவரு சொன்னாரு ஐயா.”

“அவருக்கு?”

“அவருக்கு ஜட்கா வண்டிக்காரன் சொன்னதாச் சொன்னாரு.”

“ஜட்காக்காரனுக்கு?”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். யோக்கியமான மனிதர், அதை நான் மறுக்கமாட்டேன். “அவனுக்கு நான்தான் ஐயா சொன்னேன்” என்றார்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூட மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் சிரித்தேன். கூண்டில் நிற்பவன் சிரிக்கக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் என் விலாவில் இடித்தார்.

அப்புறம் வீட்டுக்காரம்மாள் ஏறினார். சத்தியம் வாங்கினார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னார். அந்தச் சமயம்தான் எனக்குக் காது அடைத்தது. திறந்தபோது, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கடைசியா நான் பாத்தப்ப இருந்தாரு” என்றார்.

கோர்ட்டில் சிலர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சர்க்கார் வக்கீல் மப்ளரைக் காட்டினார். அது இந்தப் பையனுடையது என்றார் அந்தம்மாள். நீல நூல் தையல் தன்னுடையது என்றார். ஓடியவன் முகத்தோடு அதைச் சுற்றியிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் நான் ஜெயில் கணக்கில் ஒரு வருஷம் கூட்டிக்கொண்டே போனேன்.

“இந்த மப்ளரை வேறு யாராவது கட்டிப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்ல ஐயா.”

“அப்படியானால் ஓடியது கூண்டில் நிற்கும் இந்த எதிரிதானே?”

அவர் கூண்டின் கட்டையைக் கையால் ஒரு முறை தடவினார்.

“அப்படித்தான் நானும் ஒரு தடவ நெனச்சேன் ஐயா” என்றார். “எங்க வீட்டுக்காரரு தோணிப் பாயில நான்தான் ஒட்டுப் போட்டேன். செவப்புத் துணியில. கரையில நின்னாலே எங்க பாயின்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவரு கொளும்புக்குப் போனப்ப நடுக்கடல்ல புயலுன்னு பேச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தரு ஓடி வந்து, யம்மா உங்க தோணி வருது, செவப்பு ஒட்ட என் கண்ணால பாத்தேன்னாரு. அவரு கண்ண நான் நம்புனேன். உலை வச்சேன். தெருவுக்கே சீனி குடுத்தேன். கடற்கரைக்குப் போயி நின்னேன். பாய் வந்துச்சு. என் தையல்தான். தோணி வேற.”

காற்றுக்கு ஜன்னல் அடித்துக்கொண்டது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

“போற வழியில இன்னொரு தோணிக்குப் பாய் கிழிஞ்சுட்டாம். இவரு தன் மாத்துப் பாய அவுத்துக் குடுத்திருக்காரு. கடல்ல அப்படிக் குடுக்கிறதுதான். வந்து சொன்னவரு பொய் சொல்லல ஐயா. அவரு பாயத்தான் பாத்தாரு. தோணிய அவராச் சேத்துக்கிட்டாரு. நான் பாத்தது மப்ளரு. ஆள நானாச் சேக்க மாட்டேன்.”

இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று சர்க்கார் வக்கீல் எழுந்து சொன்னார். நீதிபதி, “உட்காருங்கள்” என்றார். எழுதினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். என்ன கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை போலும். பேச்சுக்கு ஒரு கேள்வியாக, “அன்றைக்கு அப்புறம் இந்தப் பையனை எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டுவைத்தார்.

“மறுநாள், போலீஸ் ஸ்டேஷன்ல. சோறு கொண்டு போனேன்.”

“அங்கே வேறு யார் இருந்தார்கள்?”

“இவன் கம்பிக்கு உள்ள சாப்புட்டுக்கிட்டு இருந்தான். ஏட்டையா இருந்தாரு. மேசையில இந்த மப்ளரு கிடந்துச்சு. தலையில கட்டுப் போட்ட காவக்கார அண்ணாச்சி எதுத்த பெஞ்சில வந்து உக்காந்தாரு.”

தூங்குமூஞ்சி வக்கீல் விழித்துக்கொண்டதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நீதிபதியின் பேனா நின்றது.

“ஏட்டையா என்ன செய்தார்?”

“இவனப் பாத்து வெரல நீட்டுனாரு. காவக்காரரு எட்டிப் பாத்தாரு.”

“‘இவன்தான் அந்த ஆள்’ என்று ஏட்டையா சொன்னார், இல்லையா?”

“என்ன சொன்னாருன்னு நான் கேக்கல.”

“சொல்லித்தான் இருப்பார். ஞாபகப்படுத்திப் பாருங்கள்.”

“காத்து அந்தப் பக்கமா அடிச்சுது. வெரலப் பாத்தேன். பேச்சு எங்காதுல விழல. விழாதத எப்படி ஐயா சொல்ல?”

வக்கீல் இன்னும் ஒரு தடவை கெஞ்சாத குறையாகக் கேட்டார். நானும் கூண்டிலிருந்து தலையை ஆட்டி ஆட்டி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சேர்த்துச் சொல்லியிருந்தால், குடியிருப்பவனுக்காகப் பேசுகிறார் என்று அவர் சொன்ன எல்லாவற்றையும் தள்ளியிருப்பார்கள். மப்ளர் என்னுடையது என்று சொன்ன அதே வாய்தான் விரலையும் சொன்னது. இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அப்போது, கழுத்துக்கு வந்த கத்தியை விலக்கக் காசில்லாத ஒரு வார்த்தையைத் தர மாட்டேன் என்கிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீதிபதி காவல்காரரை மறுபடி கூப்பிட்டார். அவர் தலையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் போனது உண்மைதான் என்றார். அங்கே என்னை எட்டிப் பார்த்ததைப் பார்த்த கணக்கில் அவர் சேர்க்கவில்லையாம், கூப்பிட்டார்கள் என்று போய் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். அப்புறம் அவராகவே சொன்னார்: “அன்னைக்குப் புழுதியில மப்ளருதான் ஐயா நல்லாத் தெரிஞ்சுது. மூஞ்சி எப்பத் தெரிஞ்சுதுன்னு இப்பக் கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.” அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. அவரும் பாயைப் பார்த்தவர்தான். தோணியை அவர் கண்முன்னே இன்னொருவர் விரலால் காட்டிவிட்டார்.

தீர்ப்பை நீதிபதி இங்கிலீஷில் வாசித்தார். பிறர் சொல்லக் கேட்டது சாட்சியம் ஆகாது, மப்ளர் முகம் ஆகாது, முன்னமே காட்டிய ஆளை அப்புறம் வரிசையில் அடையாளம் காட்டுவதில் மதிப்பில்லை என்று அதில் இருந்ததாக வக்கீல் பிறகு சொன்னார். எனக்குப் புரிந்தது அவர் முகம் கடுமையாக இருந்தது மட்டும்தான். வாசித்து முடித்ததும் வக்கீலிடம், “எத்தன வருஷம் ஐயா?” என்று கேட்டேன்.

“வீட்டுக்குப் போ” என்றார்.

“ஜெயில்ல இருந்து எப்ப வீட்டுக்குப் போவேன்?”

“இப்பவேடா.”

கீழே விழுந்துவிட்டேன். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்படியில் இருந்தார். நான் போய்க் காலில் விழுந்தேன். “ஏலே, அடுப்பு” என்று தள்ளிவிட்டார். இல்லையென்றால் விடுதலையான அன்றே வேட்டியில் தீப்பிடித்திருக்கும்.

“இப்பவாவது நம்புதீங்களா யம்மா, நான் செய்யலன்னு?” என்று கேட்டேன்.

“அத நான் பாக்கலையே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்தது. “அப்போ எதுக்கு எனக்கு அறைய வச்சிருந்தீங்க? எதுக்கு லாக்கப்புக்குச் சோறு கொண்டு வந்தீங்க?”

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. என்னைச் சுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “சோறு போட எதுக்குலே சாட்சி?” என்றார்.

இதை இருபது வருஷத்துக்கும் மேலாக மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை நம்புகிறோம் என்று வாயால் சொன்னவர்கள் பலர், வழக்கு நடந்த நாட்களில் எதிரே வந்தால் தெரு மாறிப் போனார்கள். ஒரு நாளும் அப்படிச் சொல்லாதவர் கதவைப் பூட்டவில்லை.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. புறப்படும்போது, போய்ச் சேர்ந்ததும் தெரிந்த ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

“எவங்கிட்டயும் சொல்லி விடாத” என்றார். “போய்ச் சேந்தா நீயே வந்து சொல்லு.”

போய்ச் சேர்ந்ததைச் சொல்வதற்காகச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒருவன் திரும்பி வருவானா? நான் வந்தேன். விடுமுறை கிடைத்த போதெல்லாம் வந்தேன். வாசலில் நின்று, “யம்மா, போய்ச் சேந்துட்டேன்” என்பேன். மேலும் கீழும் பார்ப்பார். “ஆமா, சேந்துட்ட” என்று ஒப்புக்கொண்டு, தட்டை எடுத்து வைப்பார். கல்யாணம் ஆனதையும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டித்தான் நிரூபித்தேன். மப்ளர் மட்டும் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. கேட்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். பேச்சுவாக்கில், “உங்க பழைய வீட்டுக்காரம்மா தவறிட்டாங்களாமே, தெரியாதா?” என்றார். எனக்குக் கை கால் நடுங்கியது. பழைய நடுக்கம்தான், அது என்னைவிட்டு எங்கேயும் போகவில்லை. ஆனால் வாய் மட்டும் என்னைக் கேட்காமல் தானாகப் பேசியது.

“நீங்க பாத்தீங்களா?”

“நான் பாக்கல. ஊர்ல சொன்னாங்க.”

அடுத்த வாரம் ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். போய்ப் பார்க்கிற வரைக்கும் யார் விசாரித்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். போன தடவை நான் புறப்பட்டபோது வாசற்படியில் கையெல்லாம் மீன் செதிலாக நின்றார். கை ஈரமென்று ஆட்டவில்லை. வண்டி திரும்புகிற வரைக்கும் உள்ளேயும் போகவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தார்.